அமெரிக்க அதிபர் திட்டமிட்ட வீட்டில் ஒரு ராத்திரி... ஆஸ்திரேலியாவின் 'பேய் ஊர்' தங்கச் சுரங்கத்தில் தங்குவது எப்படி இருக்கும்?

1963 டிசம்பர். மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் காட்டுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில் அன்றைக்கு சுமார் 1,200 பேர் இருந்தார்கள். ஊருக்கே சோறு போட்ட தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த மூன்றே வாரத்தில் ஊரில் மிச்சம் இருந்தவர்கள் 40 பேர்தான்.

மற்றவர்கள் எல்லாம் கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தகரக் குடிசைகள், கடை, விடுதி, சுரங்க ஆபீஸ் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. ஆங்கிலத்தில் 'கோஸ்ட் டவுன்' என்று சொல்லப்படும் பேய் ஊர் ஆகிவிட்டது அந்த இடம்.

அந்த ஊரின் பெயர் க்வாலியா. இன்று அதே சுரங்கத்தின் மேனேஜர் வீட்டில் விருந்தினராகத் தங்கலாம். அந்த வீட்டைத் திட்டமிட்டவர் பிற்காலத்தில் அமெரிக்காவின் 31-வது அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்! இந்த ஊரின் கதை என்ன, அங்கே எப்படிப் போவது, போனால் என்ன பார்க்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

குவாலியரா? இல்லை, க்வாலியா

பெயரைக் கேட்டதும் மத்தியப் பிரதேசத்து குவாலியர் நினைவுக்கு வரலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டுக்கு இருந்த பழைய பெயர்களில் ஒன்றுதான் க்வாலியா. 1896-ல் இங்கே தங்கம் தேடிப்பிடித்த மூன்று பேருக்குப் பண உதவி செய்தவர் கூல்கார்டியில் கடை வைத்திருந்த ஒரு வேல்ஸ்காரர். அவரைக் கௌரவிக்கும் விதமாகத்தான் சுரங்கத்துக்கு 'சன்ஸ் ஆஃப் க்வாலியா', அதாவது 'வேல்ஸின் மைந்தர்கள்' என்று பெயர் வைத்தார்கள்.

தங்கம் கிடைப்பதற்கு முன்பு இது ஆளே இல்லாத நிலம் என்று நினைத்துவிட வேண்டாம். வொங்காதா உள்ளிட்ட ஆதிக்குடி மக்களின் பூமி இது. ஆண்டுக்கு சுமார் 23 சென்டிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இந்த நிலத்தில் எந்தப் பாறைக் குழியில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கம் தேடி வந்தவர்களுக்கு அது தெரியாது. வந்த புதிதில் அவர்களுக்குத் தங்கத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய பிரச்னை.

23 வயது மேனேஜர்

இந்த ஊரின் கதையில் ஹூவர் எப்படி வந்தார்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்த இவர், பெவிக் மோரிங் என்ற லண்டன் நிறுவனத்தின் பொறியாளராக 1897-ல் மேற்கு ஆஸ்திரேலியா வந்தார். எந்தச் சுரங்கத்தை வாங்கலாம், எதைக் கைவிடலாம் என்று ஆய்வு செய்து சொல்வதுதான் வேலை. அப்படி அவர் பார்த்து 'வாங்குங்க' என்று அடித்துச் சொன்ன இடங்களில் ஒன்றுதான் சன்ஸ் ஆஃப் க்வாலியா. வாங்கினார்கள். 1898-ல் அதற்கு அவரையே மேனேஜராகவும் போட்டார்கள். அப்போது வயது 23.

சின்ன வயது என்றாலும் ஆள் ரொம்பக் கறார். வாரத்துக்கு 44 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆக்கினார். குறைந்த கூலிக்கு வரத் தயாராக இருந்த இத்தாலியத் தொழிலாளர்களை அதிகம் சேர்த்தார். ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள் கொதித்தார்கள், வேலைநிறுத்தமும் நடந்தது. ஹூவர் அசரவில்லை. தங்கம் எடுக்கும் செலவைக் குறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. கம்பெனியின் கண்ணில் அது வெற்றி. மண்ணுக்கடியில் இறங்கியவர்கள் கண்ணில் வேறு மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

இதில் ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. செலவைக் குறைக்க ஹூவர் கொண்டுவந்த அந்த இத்தாலியர்கள்தான் பிற்பாடு க்வாலியா என்ற ஊராகவே ஆனார்கள். இத்தாலியில் இருந்தும், பின்னாளில் யூகோஸ்லாவியா ஆன பால்கன் பகுதியில் இருந்தும் அண்ணன் வந்தால் தம்பி, தம்பி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்று அங்கே நிற்கும் கட்டடங்களின் பெயரைப் பாருங்க: மாட்ஸா கடை, பட்ரோனி விடுதி. எல்லாம் இத்தாலியப் பெயர்கள்.

ஹூவர் க்வாலியாவில் மேனேஜராக இருந்தது சில மாதங்கள்தான். குன்றின்மேல் மேனேஜர் வீட்டுக்குத் திட்டம் போட்டார். ஆனால் வீட்டு வேலை முழுசாக முடிவதற்குள் சீனாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. பிறகு அதே பெவிக் மோரிங்கில் பங்குதாரர் ஆனபோது ஆஸ்திரேலியாவுக்குப் பலமுறை வந்து போனார். ஆகவே 'அமெரிக்க அதிபர் வாழ்ந்த வீடு' என்று விளம்பரம் பார்த்தால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். அவர் திட்டமிட்ட வீடு என்பதுதான் சரி.

சுரங்கத் தொழிலை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதற்கு ஒரு சின்னத் தகவல். லத்தீனில் இருந்த 16-ம் நூற்றாண்டுச் சுரங்கவியல் நூல் ஒன்றை மனைவி லூவுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1912-ல் வெளியிட்டார். 1929-ல் அதிபர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. மீதிக் கதை உலகத்துக்கே தெரியும்.

எவ்வளவு தங்கம் எடுத்தார்கள்?

1897-ல் இருந்து 1963 வரை இந்தச் சுரங்கத்தில் எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 26 லட்சம் அவுன்ஸ். அதாவது 82 டன். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் சுமார் 1 கோடி சவரன்!

அப்புறம் ஏன் மூடினார்கள்? தங்கம் தீர்ந்துபோய் அல்ல. 1934 முதல் உலக அளவில் தங்கத்தின் விலை அவுன்ஸுக்கு 35 அமெரிக்க டாலர் என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. கிட்டத்தட்ட 30 வருஷம் அதே விலை. ஆனால் கூலி ஏறியது, எரிபொருள் ஏறியது, சுரங்கம் ஆழமாகப் போகப் போக ஒவ்வொரு டன் கல்லை மேலே ஏற்றும் செலவும் ஏறியது. விற்கும் விலை ஏறாமல் செலவு மட்டும் ஏறினால் எந்தத் தொழிலும் நிற்காது. 1963 கடைசியில் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

இன்று சவரன் விலையைத் தினமும் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயமாக இருக்கலாம். தங்கம் மலிவாக இருந்ததால் ஓர் ஊரே காலியானது.

வீடு எப்படி இருக்கும்?

பேய் ஊரில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் 1970-களின் தொடக்கத்தில் கிளம்பினார்கள். பழைய சுரங்க ஆபீஸ் மியூசியம் ஆனது. காலப்போக்கில் மேனேஜர் வீடும் பழுதுபார்க்கப்பட்டு, இரவு தங்கி காலை உணவு சாப்பிடும் வகை விடுதியாக மாறியது. பெயர் ஹூவர் ஹவுஸ். நடத்துவது தனியார் ஹோட்டல் அல்ல, லியோனோரா ஷைர் என்ற உள்ளாட்சி நிர்வாகம்.

பெரிய ரிசார்ட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அறைகள். உயரமான கூரை, பழைய மர நாற்காலி மேஜைகள், வீட்டைச் சுற்றி அகலமான தாழ்வாரம். வெயிலைச் சமாளிக்கக் கட்டப்பட்ட தாழ்வாரம் அது. ஜனவரியில் இங்கே பகல் வெப்பநிலை சராசரியாக 37 டிகிரி. சில நாள் 45-ஐயும் தாண்டும்.

வீட்டின் விசேஷமே அது நிற்கும் இடம்தான். ஒரு பக்கம் பார்த்தால் 1963-ல் உறைந்துபோன பழைய ஊர். இன்னொரு பக்கம் திரும்பினால் மலையைக் கவிழ்த்துவைத்தது போன்ற ராட்சதக் குழி. அந்தக் குழி வரலாற்றுச் சின்னம் இல்லை. அதற்குக் கீழே இப்போதும் தங்கம் வெட்டுகிறார்கள்!

ஆமாம், சுரங்கம் மறுபடி உயிர் பெற்றுவிட்டது. 1970-களில் தங்கத்தின் கட்டு விலை ஒழிந்து விலை பறந்தது. கரியைப் பயன்படுத்தித் தங்கத்தைப் பிரிக்கும் புது முறையும் வந்தது. முன்பு குப்பை என்று ஒதுக்கிய கல்லில்கூட லாபம் பார்க்க முடிந்தது. 1980-களில் மேலிருந்து திறந்தவெளியாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். குழி வெட்டப்பட வேண்டிய இடத்திலேயே பழைய சுரங்கக் கோபுரமும் நீராவி இயந்திரமும் நின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, மேட்டில் மியூசியம் பக்கத்தில் மறுபடி நிறுத்தினார்கள். பழைய சின்னத்தை அழிக்க வந்த தொழிலே அதைத் தூக்கிவைக்கவும் பணம் கொடுத்தது என்பது இந்த ஊருக்கே உரிய வினோதம்.

புதிய காலத்திலும் நிம்மதி இல்லை. அதே பழைய பெயரைத் தாங்கிய சன்ஸ் ஆஃப் க்வாலியா நிறுவனம், தங்கத்தை எதிர்கால விலைக்கு முன்கூட்டியே விற்கும் ஒப்பந்தங்களில் சிக்கி 2004 ஆகஸ்டில் திவாலானது. அடுத்த ஆண்டு செயின்ட் பார்பரா நிறுவனம் சுரங்கத்தை வாங்கியது. 2023-ல் அது ஜெனிசிஸ் மினரல்ஸ் கைக்கு மாறியது. இப்போது ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே இருந்து லாரிகள் சுற்றுப்பாதையில் கல்லை ஏற்றி வருகின்றன. லாரியில் கல் ஏற்றும் சுரங்கங்களில் உலகின் மிக ஆழமானவற்றில் இதுவும் ஒன்று.

அதனால் 'ஆள் அரவமற்ற பேய் ஊரில் அமானுஷ்ய அமைதி' என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். ராத்திரியும் சுரங்கம் ஓடும். வெளிச்சம் தெரியும், இயந்திர முழக்கம் காற்றில் வரும். தூக்கம் லேசாகக் கலைகிறவர்கள் காதுக்குப் பஞ்சு எடுத்துப் போவது நல்லது. ஆனால் விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று அண்ணாந்து பார்த்தால், நகரத்தில் வளர்ந்தவர்கள் பார்த்தே இருக்காத அளவு நட்சத்திரம்.

கீழே இருக்கும் குடிசைகள்

ஹூவர் ஹவுஸில் தங்குபவர்கள் தவறவிடக் கூடாத இடம் வீடு அல்ல, கீழே இறங்கினால் வரும் குடிசைகள். உள்ளூரில் இவற்றை 'கேம்ப்' என்றுதான் சொல்வார்கள். காட்டு மரக் கம்பு நட்டு, மேலே தகரம் வேய்ந்து, உள்ளே சாக்குத் துணியைச் சுவராகக் கட்டி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். தரையில் மண். தகர டப்பாவை வெட்டித் தட்டையாக்கி ஓட்டையை அடைத்திருப்பதை இப்போதும் பார்க்கலாம். அதில் ஒன்றுக்குப் பெயர் 'லிட்டில் பிங்க் கேம்ப்'. தகரக் கொட்டகைக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடித்து அழகு பார்த்த யாரோ ஒருவரின் ஆசை அது.

குடிசைக் கதவுகள் திறந்தே இருக்கும். உள்ளே இரும்புக் கட்டில், அடுப்பு, கெட்டில், அலமாரியில் பழைய டப்பாக்கள். 45 டிகிரி வெயிலில் இந்தத் தகரத்துக்குள் குழந்தைகளோடு குடும்பம் நடத்தினார்கள். கணவன் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் இதற்குள்தான் தூங்கியாக வேண்டும். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசு நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் என்ற நோயால் மூச்சுத் திணறிச் செத்த சுரங்கத் தொழிலாளர்கள் மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயல்கள் முழுக்க உண்டு.

மேட்டில் தாழ்வாரம் வைத்த வீடு, பள்ளத்தில் சாக்குத் துணிச் சுவர். இரண்டுக்கும் நடந்து போகும் தூரம்தான். வருகிறவர்கள் தங்குவது மேட்டில் என்பதால், பள்ளத்தை முதலில் பார்த்துவிட்டு மேலே ஏறுவது சரியாக இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் தங்க வேட்டைக் காலத்தைக் காட்டும் இடங்கள் வேறும் உண்டு. விக்டோரியா மாநிலத்தின் பல்லாரட்டில் உள்ள சாவரின் ஹில் ரொம்பப் பிரபலம். ஆனால் அது 1970-ல் திறக்கப்பட்ட, அந்தக் காலத்தைப் போலவே புதிதாகக் கட்டிக் காட்டிய ஊர்; வேஷம் போட்ட ஆட்கள் இருப்பார்கள், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். க்வாலியாவில் யாரும் வேஷம் போட மாட்டார்கள். ஆனால் அங்கே இருப்பது அசல்.

அப்படியே பக்கத்தில் 1903-ல் கட்டிய ஸ்டேட் ஹோட்டலையும் பார்க்கலாம். மாநில அரசே கட்டி, அரசே சாராயம் விற்ற கட்டடம்! ஊரில் திருட்டுச் சரக்கு ஓடுவதைத் தடுக்க அரசு எடுத்த முடிவு அது. அரசே மதுக்கடை நடத்தினால் கள்ளச் சரக்கு ஒழியும் என்ற வாதம் நமக்குப் புதிது இல்லையே!

மியூசியத்தில் இரண்டு பொருட்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒன்று, ஓரிகான் பைன் மரத்தால் ஆன சுரங்கக் கோபுரம். வழக்கமாகச் சுரங்கக் குழி கிணறு போல நேராக இறங்கும். இங்கே தங்கம் இருந்த பாறை சாய்வாக இறங்கியதால், குழியையும் சாய்வாகவே வெட்டினார்கள். கோபுரமும் அதற்கேற்பச் சாய்ந்து நிற்கிறது. இன்னொன்று, ஆட்களையும் கல்லையும் இழுத்த நீராவி விஞ்ச். அதன் முன் நின்றால் மனிதன் எவ்வளவு சின்னவன் என்று புரியும்.

எப்படிப் போவது?

மேற்கு ஆஸ்திரேலியத் தலைநகர் பெர்த்தில் இருந்து சுமார் 830 கிலோமீட்டர். முதலில் கல்கூர்லி என்ற தங்க நகரம், சுமார் 600 கிலோமீட்டர். பெர்த்தில் இருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். ப்ராஸ்பெக்டர் ரயிலில் சுமார் 7 மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் வடக்கே சுமார் 235 கிலோமீட்டர் போனால் லியோனோரா. அதற்கு 4 கிலோமீட்டர் முன்னாலேயே க்வாலியா. சாலை முழுக்கத் தார் ரோடு, சாதாரணக் காரே போதும்.

இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்குச் சுற்றுலா விசா கட்டாயம். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம்ம ஊர் ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாகும் காலத்தில் இருந்தால், சுற்றுலாப் பயணியாகக் கார் ஓட்டலாம். நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும்.

சாலையில் கவனிக்க வேண்டியது இரண்டு. பொழுது சாயும்போதும் விடியற்காலையிலும் கங்காரு குறுக்கே பாயும். அதனால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்வது மாதிரிக் கிளம்புங்க. அடுத்து 'ரோடு ட்ரெய்ன்'. ஒரே லாரி மூன்று, நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும், நீளம் 50 மீட்டரைத் தாண்டும். அதை முந்துவதற்கு நம்ம ஹைவேயில் லாரியை முந்தும் கணக்கு ஒத்துவராது. எதிரே வெகுதூரம் காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

ஊருக்கு ஊர் இடையில் செல்போன் சிக்னல் இருக்காது. கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்கக் கூடாது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் முதல் பாடம். காரைத் தேடிப்பிடிப்பது எளிது, நடந்துபோன ஆளைத் தேடுவது கஷ்டம். குடிதண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. பகலில் இதமான வெயில், ராத்திரி நடுங்கும் குளிர். ஜூன் தொடக்கத்தில் லியோனோராவில் 'கோல்டன் கிஃப்ட்' என்ற ஓட்டப்பந்தயத் திருவிழா நடக்கும். அப்போது அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. மற்ற நாட்களிலும் முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது. சுரங்க வேலைக்கு விமானத்தில் வந்து, சில நாள் வேலை செய்துவிட்டு விமானத்திலேயே திரும்பும் தொழிலாளர்களால் இந்தப் பக்கத்து விடுதிகள் நிரம்பியே இருக்கும்.

காலை உணவு ஹூவர் ஹவுஸ் கணக்கில் வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கல்கூர்லியிலேயே கொஞ்சம் பழம், பிரெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போற வழியில் கல்கூர்லியின் பேலஸ் ஹோட்டலில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைக் காட்டுவார்கள். ஹூவர் தன் காதலியான ஹோட்டல் பணிப்பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்தது என்பார்கள். கதை இனிக்கிறது, ஆதாரம் இல்லை. நேரம் இருந்தால் மென்ஸீஸ் ஊரில் இருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் திரும்பி பல்லார்ட் ஏரிக்குப் போகலாம். உப்பு வெளுத்துக் கிடக்கும் வறண்ட ஏரியில் பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கார்ம்லி 2003-ல் நிறுத்திய 51 உலோக உருவங்கள் தனித்தனியாக நிற்கின்றன. மென்ஸீஸ்வாசிகளின் உடல் அளவை எடுத்துச் செய்தவை அவை.

நாமும் தங்கம் தேடலாமா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டு வாங்கினால், அரசு நிலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடலாம். ஆனால் அடுத்தவர் சுரங்க உரிமை வாங்கிய நிலத்தில் அவர் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. லியோனோராவைச் சுற்றி பெரும்பாலான நிலத்துக்கு யாராவது ஏற்கெனவே உரிமை வாங்கிவைத்திருப்பார்கள். காட்டில் மூடாமல் விட்ட பழைய சுரங்கக் குழிகளும் இருக்கின்றன. செல்ஃபி எடுக்கப் பின்னால் நகரும்போது ஞாபகம் இருக்கட்டும்.

க்வாலியா குடிசைகளில் இருந்து ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட எடுத்து வரக் கூடாது. அது மியூசியத்தின் சொத்து.